பேராசிரியரின் பெட்டிகளில் ஒரு தபால்காரர்

கண்டியில் காபிக்கு அலையாதே, தேத்தண்ணி குடித்துப் பழகிக்கொள் என்று திருச்சியிலேயே சொல்லி அனுப்பினார்கள். நான் கேட்கவில்லை. போய் இறங்கிய திங்கட்கிழமை சாயங்காலம், மஹய்யாவவில் நான் தங்கிய வீட்டுக்காரி ராணி என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, கடையில் ஒரு பொட்டலம் காபித்தூள் வாங்கிவந்து போட்டுக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்தேன்.

"நாளையிலேர்ந்து தேத்தண்ணியே குடிக்கிறேன் ராணி."

"அதத்தான்க்கா நானும் சொல்ல வந்தேன்" என்றாள்.

ராணி எங்கள் பதிப்பகத்தில் வேலை செய்யும் பெண்ணுக்கு ஒன்றுவிட்ட அக்கா. அவள் கணவர் பிரான்சிஸ் மாநகரசபையில் தண்ணீர்ப் பிரிவில் இருக்கிறார். மூன்று தலைமுறையாக அதே தெருவில் இருக்கிறார்கள். முன்பின் தெரியாத என்னை உள்ளே விட்டு, இருந்த நல்ல கட்டிலையும் கொடுத்துவிட்டு, இவ்வளவுதானா உன் பெட்டி என்று வேறு கேட்டார்கள். எங்கள் ஊரில் விருந்தாளி இவ்வளவு சின்னப் பெட்டியோடு வந்தால் சந்தோஷப்படுவோம்.

வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். நான் முப்பது வருஷமாக மெய்ப்புத் திருத்துகிறவள். கண்டியில் வாழ்ந்து மறைந்த வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர், மலையகத் தொழிற்சங்கத் தலைவர் ஒருவருடைய வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். நாற்பது வருஷத்துக்கு முந்தைய புத்தகம். அதன் தமிழாக்கத்தை நாங்கள் வெளியிடுகிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அதற்குள் ஒரு பத்திரிகையில் வந்த மாதிரி அத்தியாயத்தைப் படித்துவிட்டு, பன்விலயிலிருந்து பாக்கியம் என்ற பள்ளிக்கூட டீச்சர் போன் செய்துவிட்டார்.

அந்த அத்தியாயத்தில் ஒரு வரி. வேலைநிறுத்தத்துக்கு முதல் நாள், தலைவர் தொழிலாளர்களுக்கு எழுதிய கடிதத்தைத் தோட்டத்துத் தபால்காரர் முத்தையா துரையிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார் என்று. துரை என்றால் தோட்ட மேலாளர். அந்தக் கடிதத்தை வைத்து நாற்பது குடும்பங்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். முத்தையா பாக்கியத்தின் அப்பா.

"எங்கப்பா அதச் செய்யல மிஸ்" என்றார் போனில். "இங்கிலீசுல இருந்தப்ப எங்க பக்கம் நாலு பேருக்குத்தான் தெரியும். தமிழ்ல வந்தா எல்லாரும் வாசிப்பாங்க. எங்க ஸ்கூல் லைப்ரரிக்கு வரும். என் கிளாஸ் பிள்ளைங்க எடுத்து வாசிக்கும்."

எங்கள் முதலாளி தன்னால் முடிந்த தாராளத்தைக் காட்டினார். பெயரை எடுத்துவிட்டு "ஒரு தபால்காரர்" என்று போட்டுவிடலாம் என்றார். பாக்கியம் ஒப்பவில்லை. பெயரை எடுத்தால் அப்பா அங்கே இருந்ததே இல்லாமல் போய்விடும், பெயர் இருக்கட்டும், பழிதான் போக வேண்டும் என்றார். புத்தகம் வந்த அடுத்த வருஷம் பேராசிரியரே தோட்டத்து வரிசை வீடான தங்கள் லயத்துக்கு வந்து அப்பாவிடம் விசாரித்து எழுதிக்கொண்டு போனார் என்றும் சொன்னார். பேராசிரியரின் மகன் வெளிநாட்டில் இருக்கிறார். அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: அப்பா கைப்பட எழுதிய தாள் கிடைத்தால் திருத்துங்கள், இல்லாவிட்டால் ஓர் எழுத்தையும் தொடாதீர்கள்.

அந்தப் பக்கத்தை நான் மூன்று தடவை மெய்ப்புப் பார்த்திருக்கிறேன். இரண்டு கால்புள்ளியைத் திருத்தினேன். ஒரு மனிதரைத் துரோகி என்கிறதே, யார் சொன்னது என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. பாக்கியத்தின் குரலைக் கேட்ட பிறகு எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால்தான் நான் போகிறேன் என்று கையைத் தூக்கினேன்.

செவ்வாய்க்கிழமை காலை இடியப்பமும் சொதியும். தேங்காய்ப்பாலைத் தண்ணீராக்கி மஞ்சள் போட்டால் இப்படி ஒரு ருசி வரும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஏழு இடியப்பம் சாப்பிட்டேன். ராணி எட்டாவதை வைத்தாள். பிரான்சிஸ் தன் மோட்டார் சைக்கிளில் என்னைப் பேராதனை தாண்டி, கலஹா போகும் பாதையில் உள்ள ஆவணக்கூடத்தில் இறக்கிவிட்டார். பழைய பங்களா. கூரையில் குரங்குகள்.

உள்ளே கல்யாணி மிஸ். சிங்களவர், நாற்பது வயதிருக்கும். தமிழில் "வாங்க, இருங்க" என்ற இரண்டு சொல்லுக்குப் பிறகு ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டார். பேனா வெளியே, பென்சில் மட்டும் உள்ளே. ஒரு நேரத்தில் ஒரு பெட்டி. தண்ணீர் போத்தல் வெளியே. பத்தரைக்குத் தேத்தண்ணிக்காக அறையைப் பூட்டுவார், எல்லோரும் எழுந்து போக வேண்டும். நாலு மணிக்கு மூடுவார். எங்கள் ஊர் நூலகத்தில் மூடும் நேரத்துக்கு அரைமணி முன்பே விளக்கை அணைப்பார்கள். இங்கே நாலு என்றால் நாலு.

பேராசிரியரின் தாள்கள் நாற்பத்து மூன்று பெட்டி. கல்யாணி மிஸ் தனியாளாக உட்கார்ந்து பிரித்து எண் போட்டுப் பட்டியல் எழுதியிருந்தார். கடிதங்கள், நேர்காணல்கள், பத்திரிகை நறுக்குகள், சொற்பொழிவுக் குறிப்புகள், மாணவர் கட்டுரைகள். அவ்வளவு ஒழுங்கான பட்டியலைப் பார்த்ததும் மத்தியானத்துக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். நேர்காணல் பெட்டிகளை முழுக்கப் பார்த்தேன். எல்லாம் தட்டச்சு செய்தவை, எல்லாம் புத்தகம் வருவதற்கு முன் எடுத்தவை. கங்காணிகள், கணக்கப்பிள்ளைகள், ஓய்வுபெற்ற துரை ஒருவர்கூட இருந்தார். முத்தையா இல்லை. கடிதப் பெட்டிகளிலும் இல்லை.

மத்தியானம் வாசலில் வாங்கிய சோற்றுப் பார்சல். பிஞ்சுப் பலாக்காய்க் கறியும் பருப்பும். நல்ல சோறுதான், ஆனால் பாக்கியத்துக்கு என்ன சொல்வது என்று நினைத்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. பக்கத்து பெஞ்சில் இரண்டு பணியாளர்கள் சிங்களத்தில் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கல்யாணி மிஸ்ஸிடம் பிறகு கேட்டதில், "இந்தியாவிலிருந்து வந்த அம்மா சோற்றைப் பார்த்து அழுகிறாள், உறைப்புப் போலிருக்கிறது" என்று சொன்னார்களாம்.

சாயங்காலம் பாக்கியத்துக்குப் போன் செய்து, இன்னும் கிடைக்கவில்லை என்றேன். பேராசிரியரை அவர் சேர் என்றுதான் சொல்வார், நம்முடைய சார்தான் அது.

"சேர் வந்தது உண்மைதான் மிஸ். எனக்கு அப்ப பத்து வயசு. தகரப் பெட்டி மேல ஒக்காந்துதான் எழுதினாரு. அந்தத் தாளோட மறுபக்கம் செவப்பு மையில மார்க் போட்டிருந்துச்சு. அப்பாவுக்குத்தான் மார்க் போடுறாருன்னு நெனச்சேன்." லேசாகச் சிரித்தார்.

நானும் மரியாதைக்குச் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். மண்டைக்குள் களிமண் இருந்தால்தான் அந்தப் பேச்சை அப்படி விட்டிருக்க முடியும்.

புதன்கிழமை பிரான்சிஸுக்குக் காலை வேலை. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் கலஹா பஸ் ஏற்றிவிட்டுப் போய்விட்டார். முன்னால் எவ்வளவு இடம் கிடக்கிறது, உள்ளே போங்கள் என்று கண்டக்டர் சிங்களத்தில் சொன்னது ஒரு எழுத்தும் தெரியாமலேயே எனக்குப் புரிந்தது. திருச்சி சத்திரம் பஸ் நிலையத்தில் தினமும் கேட்கும் பொய் அது. எப்படியோ ஒரு கிழவருக்குப் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தது.

எனக்கு எதிரே பஸ்ஸுக்குள் ஒட்டியிருந்த தமிழ் அறிவிப்பில் ஐந்து பிழை. தொழில்புத்தி விடாது. மனதுக்குள் ஒவ்வொன்றாகத் திருத்தி, வாக்கியத்தை மாற்றி எழுதி, அது திருப்தியில்லாமல் இன்னொரு தடவை மாற்றி எழுதிக்கொண்டிருந்தபோது வெளியே தேயிலைச் செடி தெரிய ஆரம்பித்தது.

"நீங்கள் எங்க இறங்கோணும் பிள்ளை?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

இடத்தைச் சொன்னேன்.

"அது எப்பவோ போயிட்டுது. இனிக் கலஹாவில இறங்கித் திரும்பி வாறதுதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாலு மணிக்கு மூடுகிற இடம், நாளை மறுநாள் அச்சு, நான் பஸ் போர்டுக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கிழவர் பதறிப்போய், கலஹாவில் என்னையும் இறக்கி, திரும்பும் பஸ் வரும்வரை இருக்கச் சொல்லி ஒரு கடையில் பால் விடாத பிளேன்டீயும் உளுந்து வடையும் வாங்கித் தந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். இந்தப் பக்கம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்று, ஊருக்குப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டாராம். கடைக்காரர் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டார். இஞ்சி போட்ட அந்த பிளேன்டீ நன்றாகவே இருந்தது என்பதை ஒரு காபிக்காரியாக வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

என்ன தேடுகிறேன் என்று கேட்டார். பேராசிரியரின் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஓம், நான் சேரிட்டப் படிச்சனான். பேப்பரில பெரிய சிக்கனக்காரன். எங்கட கட்டுரையள் ஒண்டையும் திருப்பித் தந்ததில்லை. மார்க்கை வாசிப்பார், தாளைத் தான் வச்சுக்கொள்ளுவார். ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கோ எண்டு கட்டளை."

"ஏன்?"

"மற்றப் பக்கம் அவருக்கு. தன்ர குறிப்பெல்லாம் அதிலதான் எழுதுவார். கடையில பேப்பர் கிடையாத காலம் அது. பிறகு அதுவே பழக்கமாப் போச்சுது."

வடை கையிலேயே நின்றது. சிவப்பு மை. மார்க். தகரப் பெட்டி மேல் உட்கார்ந்து எழுதிய மனிதர். பாக்கியம் நேற்றே என்னிடம் சொல்லிவிட்டார். நான்தான் சிரித்துவிட்டு வைத்தேன்.

"என்ன பிள்ளை, வடை சரியில்லையோ?"

"இல்ல மாஸ்டர். உங்க காலைத் தொட்டுக் கும்பிடணும் போல இருக்கு."

"அதெல்லாம் வேண்டாம். பஸ் வருது, ஓடுங்கோ."

ஆவணக்கூடத்துக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டு. மாணவர் கட்டுரைப் பெட்டிகள் வேண்டும் என்றேன். கல்யாணி மிஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அதில் ஒன்றுமில்லை. பிள்ளைகளின் பயிற்சிக் கட்டுரைகள். ஒருவரும் கேட்டதில்லை." ஐந்து பெட்டி இருந்தது. ஒரு நேரத்தில் ஒன்று.

முதல் பெட்டியைத் திறந்தேன். மேலே ஆங்கிலக் கட்டுரை, சிவப்பு மையில் மதிப்பெண். திருப்பினேன். நெருக்கி எழுதிய தமிழ், பென்சிலில். அடுத்த தாளைத் திருப்பினேன். தமிழ். பாதி மலையகம் அந்தப் பெட்டிக்குள் முதுகைக் காட்டிப் படுத்துக் கிடந்தது.

கல்யாணி மிஸ்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பத்துப் பதினைந்து தாளைத் திருப்பிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பின்னால் கிறுக்கியிருப்பது பிள்ளைகளின் கைக்குறிப்பு என்று நினைத்தேன். வாசிக்கத் தெரிந்த பக்கத்தை முன்பக்கம் என்று வைத்துவிட்டேன்."

"நானும் அதத்தான் செஞ்சிருப்பேன் மிஸ். எனக்குச் சிங்களம் தெரியாதே" என்றேன். சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை. தமிழ் தெரிந்தே முத்தையாவின் பெயருள்ள பக்கத்தை மூன்று தடவை தாண்டிப்போனவள் நான்.

அதன்பிறகு அவர் தன் விதியைத் தானே உடைத்தார். ஐந்து பெட்டியையும் ஒன்றாகக் கொண்டுவந்து வைத்தார். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் தாளைத் திருப்பி முதல் வரியை வாசித்து ஊரும் பெயரும் சொல்ல, அவர் உறையின் மேல் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தார். மணி மூன்றரை ஆனது. நாலு ஆனது. காவலாளி வந்து எட்டிப் பார்த்தார். கல்யாணி மிஸ் சிங்களத்தில் இரண்டு வார்த்தை சொன்னார், அவர் போய்விட்டார். "என்ன சொன்னீர்கள்?" என்றேன். "கடிகாரம் ஓடவில்லை என்றேன்" என்றார்.

நாலாவது பெட்டியில் பாதிக்கு மேல் இருந்தது. "பன்வில. முத்தையா. தபால்." கீழே பன்னிரண்டு வரி. கடைசிப் பகுதியை அப்படியே தருகிறேன்.

"தபால் பைக்குப் பூட்டு உண்டு. திறப்பு இரண்டு. ஒன்று தபாற்கந்தோரில், மற்றது துரை பங்களாவில். தோட்டத்துக்கு வரும் எந்தக் கடிதமும் துரை பை திறந்து பார்த்த பின்பே ஆளுக்குப் போகும். முத்தையா கையில் ஒருநாளும் திறப்பு இருந்ததில்லை. தபாற்கந்தோரில் கேட்டேன், உண்மை. தலைவர் கோபத்தில் சொன்னதை நான் விசாரியாமல் எழுதினேன். பிழை என்னுடையது. அடுத்த பதிப்பில் திருத்த வேண்டும்."

திறப்பு என்றால் சாவி, கந்தோர் என்றால் அலுவலகம். அடுத்த பதிப்பு வரவே இல்லை.

தாளில் கண்ணீர் பட்டுவிடக் கூடாது என்று எழுந்து வராந்தாவுக்கு ஓடினேன். இரண்டு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறை இறங்கியது. குரங்கு ஒன்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதைக்கூடக் கட்டிக்கொண்டிருப்பேன். கல்யாணி மிஸ் தாளைப் படி எடுத்து வந்து தந்தார். இரண்டு பக்கமும். "இனிமேல் எல்லாத் தாளையும் இரண்டு பக்கமும்தான்" என்றார்.

அந்தப் படியைப் போனில் படம் பிடித்து முதலாளிக்கும் பேராசிரியரின் மகனுக்கும் அனுப்பினேன். மகனிடமிருந்து ராணி வீட்டு வாசலில் இறங்கும்போதே பதில் வந்துவிட்டது. "அப்பாவின் கையெழுத்து. திருத்துங்கள். அந்தக் குறிப்பையும் அடியில் போடுங்கள்." அன்றைக்கு ராணி வைத்த பாண் ரொட்டியும் பருப்பும் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும் எத்தனை தடவை வாங்கிச் சாப்பிட்டேன் என்று கேட்காதீர்கள். ராணி சட்டியைக் கவிழ்த்துக் காட்டினாள். "இதுக்கு மேல வேணும்னா அவர் பங்குதான்க்கா இருக்கு" என்றாள். பிரான்சிஸ் தட்டை நகர்த்தி என் பக்கம் வைத்தார்.

பாக்கியத்திடம் போனில் கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். மற்றதை நேரில் சொல்கிறேன் என்றேன். வியாழக்கிழமை பன்வில பஸ். வத்தேகம தாண்டியதும் மழை. நடுவழியில் டயரில் காற்றுப் போய், ஆண்கள் இறங்கி டயர் மாற்ற, பெண்கள் உள்ளே உட்கார்ந்து டிரைவருக்கு யோசனை சொன்னோம். அறிவிப்பு எதையும் நான் வாசிக்கவில்லை. எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்று ஐந்து பேரிடம் சொல்லி வைத்திருந்தேன், ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கத்தி என்னை இறக்கினார்கள்.

பாக்கியம் குடையோடு நின்றிருந்தார். ஒல்லியான உடம்பு, பள்ளிக்கூடத்துச் சேலை. "லீவு போட்டுட்டேன் மிஸ். வாங்க, காலுல அட்டை ஏறும், பார்த்து நடங்க." வீட்டில் என்னை உட்காரவைத்துவிட்டு உள்ளே போனவர் ஒரு கப்போடு வந்தார். வாசனை வந்ததும் நான் நிமிர்ந்தேன். வீட்டுப் பின்னால் நாலு காபிச் செடி நிற்கிறதாம். பறித்து வறுத்து இடித்தது. நாலு நாளில் முதல் நல்ல காபி.

படியெடுத்த தாளை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, வகுப்பில் வாசிப்பதுபோல நின்றுகொண்டே சத்தமாக வாசித்தார். "பிழை என்னுடையது" என்ற இடத்தில் குரல் நின்றது. மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார்.

"பேரு இருக்குமில்ல மிஸ்?"

திருத்திய பக்கத்தைப் போனில் காட்டினேன். முத்தையா என்ற பெயர் இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் பையை மட்டும் தூக்கினார், பூட்டைத் திறந்தவர் துரை. அடியில் பேராசிரியரின் குறிப்பு.

"ஸ்கூல் லைப்ரரிக்கு ரெண்டு அனுப்புங்க" என்றார் பாக்கியம். "இந்தப் பக்கத்த நானே பிள்ளைங்களுக்கு வாசிச்சுக் காட்டுறேன்."

பிறகு தாளைத் திருப்பினார். மறுபக்கத்தில் யாரோ ஒரு மாணவரின் ஆங்கிலக் கட்டுரை. சிவப்பு மை படியில் கறுப்பாகத்தான் விழுந்திருந்தது. ஆனாலும் ஓரத்தில் வட்டம் போட்ட எண் நன்றாகத் தெரிந்தது. அதைப் பார்த்தபடியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இதே முப்பத்தெட்டுதான் மிஸ்."

எனக்கு விளங்கவில்லை.

"சேர் எழுதி முடிச்சு மடிக்கிறப்ப இந்தப் பக்கம் தெரிஞ்சுச்சு. அவர் போனதும் அப்பா கேட்டாரு, நீ பக்கத்துலதானம்மா நின்ன, சேர் என்னத்த எழுதினாருன்னு. அவருக்கு வாசிக்கத் தெரியாதில்ல, பை தூக்குறது மட்டுந்தான வேலை. நான் பார்க்கலப்பான்னு பொய் சொல்லிட்டேன். நாப்பதுக்குக் கீழ ஃபெயிலுன்னு எனக்குத் தெரியும். சேர் உங்கள ஃபெயிலாக்கிட்டாருன்னு அப்பாகிட்ட எப்படிச் சொல்றது?"

வெளியே மழை விட்டிருந்தது. அவர் விரல் அந்த எண்ணின் மேலேயே இருந்தது.

"பெரியவளானதும், அது அப்பாவுக்குப் போட்ட மார்க்கா இருக்காதுன்னு புத்திக்குத் தெரிஞ்சுச்சு. மனசுக்குத் தெரியல. அப்பா கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு, சேர் எழுதிக்கிட்டுப் போயிருக்காரும்மா, அது வரும், அது வரும்னு. நான்தான் மிஸ் நம்பல."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு என் கப்பைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.